முதல்முறை சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் முதல்முறையாக நிற்க நினைப்பவர்களுக்கும், அவர்களுக்கு உதவப்போகும் நண்பர்களுக்கும் வீட்டாருக்கும் எழுதியது இது. பெரிய கட்சி வேட்பாளருக்கு வக்கீல்கள் இருப்பார்கள், கணக்கு எழுத ஆள் இருக்கும், பூத்துக்கு ஆள் இருக்கும். சுயேச்சைக்கும் சின்னக் கட்சிக்காரருக்கும் அதெல்லாம் இருக்காது. அதனால் நல்ல மனிதர்கள் பலர் மக்களைப் பார்த்து ஓட்டு கேட்பதற்கு முன்பே, பரிசீலனை மேசையிலேயே வெளியேறிவிடுகிறார்கள். ஊர்ப் பிரச்சினைக்காகத் துணிந்து வருகிற ஒருவர் ஒரு கையெழுத்துக் குறைந்ததால் திரும்பிப் போகக் கூடாது. அதற்காகத்தான் இதில் காகித வேலைக்கு இவ்வளவு இடம்.

நிற்க எனக்குத் தகுதி இருக்கிறதா?

இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். மனுக்கள் பரிசீலிக்கப்படும் நாளன்று 25 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். படிப்புக்கோ சொத்துக்கோ எந்த நிபந்தனையும் இல்லை.

மொத்தம் 234 தொகுதிகள். அவற்றில் 44 பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. தனித்தொகுதியில் நிற்க சாதிச் சான்றிதழ் வேண்டும். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொதுத்தொகுதியிலும் தாராளமாக நிற்கலாம்.

என் ஓட்டு வேறு தொகுதியில் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை. உங்கள் ஓட்டு தென்காசியில் இருந்தாலும் திருத்தணியில் நிற்கலாம். ஆனால் உங்கள் பெயர் இருக்கும் பட்டியல் பகுதியின் சான்றிட்ட நகலை அந்தத் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலரிடம் வாங்கி, மனுவோடு கொடுக்க வேண்டும். அல்லது பரிசீலனையின்போதாவது காட்ட வேண்டும். வாக்காளர் அடையாள அட்டையின் ஜெராக்ஸ் இதற்குப் போதாது.

கையில் அட்டை இருக்கிறது என்பதற்காகப் பட்டியலிலும் பெயர் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 இறுதியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாட்டில் ஏராளமான பெயர்கள் நீக்கப்பட்டன. உங்கள் பெயர், பாகம் எண், வரிசை எண் மூன்றையும் இன்றைய பட்டியலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மனுவில் அந்த எண்களைத்தான் எழுத வேண்டும்.

அரசு வேலையில் இருக்கிறேன். நிற்க முடியுமா?

பதவியை ராஜினாமா செய்து, அது ஏற்கப்பட்ட பிறகுதான். ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டேன் என்பது மட்டும் போதாது. ஏற்பு ஆணை கையில் இருக்க வேண்டும். மாநில அரசோடு பொருள் வழங்கவோ வேலை செய்யவோ நடப்பு ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கும் தடை உண்டு. ஊழலுக்காகவோ அரசுக்கு விசுவாசமின்மைக்காகவோ பணிநீக்கம் செய்யப்பட்டவர் ஐந்து ஆண்டுகள் நிற்க முடியாது. அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டு ஐந்தாண்டு ஆகாத யாராக இருந்தாலும், தன் நீக்கம் அந்தக் காரணங்களுக்காக அல்ல என்று தேர்தல் ஆணையத்திடம் சான்று வாங்கி மனுவோடு வைக்க வேண்டும். 2019-இல் வாரணாசியில் முன்னாள் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் தேஜ் பகதூர் யாதவின் மனு தள்ளுபடியானது இந்தச் சான்று இல்லாததால்தான்.

என் மேல் போராட்ட வழக்குகள் இருக்கின்றன. அதனால் தகுதி போய்விடுமா?

நிலுவையில் இருக்கும் வழக்கால் தகுதி போகாது. பொதுவாக, இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டால்தான் தகுதி போகும். அந்தத் தடை விடுதலைக்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் நீடிக்கும். லஞ்சம், தேர்தல் குற்றம் போன்ற சிலவற்றுக்கு இன்னும் கடுமையான விதி இருக்கிறது. அப்படி ஏதாவது தண்டனை பெற்றிருந்தால் வக்கீலைப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

ஆனால் வழக்குகளைச் சொல்லாமல் விடுவது ஆபத்து. தண்ணீருக்காக, மணல் கொள்ளைக்கு எதிராக, டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி மறியல் செய்தவர்கள்தான் பெரும்பாலும் முதல்முறை வேட்பாளராக வருகிறார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் மேல் எத்தனை முதல் தகவல் அறிக்கை இருக்கிறது என்பதே தெரியாது. காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் முன்கூட்டியே கேட்டு, குற்ற எண், சட்டப் பிரிவு, வழக்கின் நிலை எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். வழக்கு இருப்பவர் அதை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரமாக வெளியிட வேண்டும். இது 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த விதி. அந்தச் செலவையும் இப்போதே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனு தாக்கலுக்கு எத்தனை நாள் கிடைக்கும்?

அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஏழாவது நாள் கடைசி நாள். மறுநாள் பரிசீலனை. அதற்கு இரண்டு நாள் கழித்து வாபஸ் வாங்கக் கடைசி நாள். அதன் பிறகு குறைந்தது 14 நாள் கழித்து வாக்குப்பதிவு. இடையில் விடுமுறை வந்தால் தேதி கொஞ்சம் தள்ளும்.

மனு வாங்குவது காலை 11 முதல் மாலை 3 மணி வரை மட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சின்னம் கைக்கு வந்த பிறகு, சுமார் இரண்டரை லட்சம் வாக்காளர்களைச் சந்திக்க உங்களுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. ஆகவே அறிவிக்கை வந்த பிறகு தொடங்கும் முதல்முறை வேட்பாளர் ஏற்கெனவே தாமதமாகிவிட்டார் என்றுதான் சொல்வேன். ஆறு மாதம் முன்பே தொகுதிக்குள் நடக்கத் தொடங்க வேண்டும்.

முன்மொழிய எத்தனை பேர் வேண்டும்?

தேசியக் கட்சி அல்லது மாநிலக் கட்சி என்று தேர்தல் ஆணையம் அங்கீகரித்த கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் போதும். சுயேச்சைக்கும் அங்கீகாரம் இல்லாத பதிவுக் கட்சியின் வேட்பாளருக்கும் பத்து பேர். பத்து பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும்.

முதல்முறை வேட்பாளர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் சுயேச்சையாக மனு செய்தது நினைவிருக்கும். முன்மொழிந்தவர்களில் இரண்டு பேர் அந்தக் கையெழுத்து எங்களுடையது இல்லை என்று சொன்னதாகக் காரணம் காட்டி மனு தள்ளுபடியானது. பத்தில் ஒன்று செல்லாமல் போனாலும் ஒன்பதுதான் மிஞ்சும். ஒன்பதை வைத்து மனு நிற்காது. நாடறிந்த ஒருவருக்கே இதுதான் நிலை.

என்ன செய்யலாம்? ஒரு வேட்பாளர் ஒரே தொகுதிக்கு நான்கு மனு வரை தாக்கல் செய்யலாம். டெபாசிட் ஒருமுறை கட்டினால் போதும். ஆகவே குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று தொகுப்பு மனுக்களை வெவ்வேறு பத்துப் பேரின் கையெழுத்தோடு தயார் செய்யுங்கள். உங்களுக்காக யார் வந்து அழுத்தினாலும் பின்வாங்காத ஆட்களாகத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர், சங்கத்துத் தோழர், உடன் படித்தவர் என்று நேரடிப் பழக்கம் உள்ளவர்களே நல்லது. ஒவ்வொருவரும் உங்கள் கண் முன்னால், பட்டியலில் உள்ள பெயரோடும் பாகம், வரிசை எண்களோடும் ஒத்துப்பார்த்த பிறகு கையெழுத்திடட்டும். கட்டாகக் கொடுத்தனுப்பி வாங்கி வரச் சொல்லாதீர்கள். கைநாட்டு வைப்பவர் என்றால் தேர்தல் நடத்தும் அலுவலர் போன்ற அதிகாரி முன்னிலையில்தான் வைக்க வேண்டும்.

டெபாசிட் எவ்வளவு? திரும்ப வருமா?

10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000, பொதுத்தொகுதியில் நின்றாலும் அதே சலுகைதான். செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் திரும்ப வரும். 1,80,000 செல்லும் வாக்கு பதிவானால் 30,000-ஐத் தாண்ட வேண்டும். நோட்டாவை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மனு தள்ளுபடியானாலும், நேரத்துக்குள் வாபஸ் வாங்கினாலும் பணம் திரும்பக் கிடைக்கும்.

1996-இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறையைச் சொல்லக் கூட்டமாக மனு செய்ததில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள்; வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது. அப்போது பொதுப் பிரிவினருக்கு டெபாசிட் வெறும் 250 ரூபாய். அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு டெபாசிட் 5,000 ஆனது, பத்து பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் வந்தது. பிறகு அது 10,000 ஆக உயர்ந்தது. என் கருத்தில், கூலி வேலை செய்யும் ஒருவருக்கு இன்றும் இது பெரிய தொகைதான். ஊரில் பத்து பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டுக் கட்டினால் அதில் குறைவேதும் இல்லை; கணக்கில் நன்கொடையாக எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான்.

படிவம் 26 என்றால் என்ன? ஏன் எல்லாரும் அதைப் பற்றிப் பயமுறுத்துகிறார்கள்?

மனு என்பது படிவம் 2பி. அதோடு வைக்க வேண்டிய பிரமாணப் பத்திரம்தான் படிவம் 26. உங்கள் பெயரிலும், மனைவி அல்லது கணவர், உங்களைச் சார்ந்திருப்பவர்கள் பெயரிலும் உள்ள சொத்து, நகை, வங்கி இருப்பு, கடன், கடந்த ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், வழக்குகள், படிப்பு, சமூக ஊடகக் கணக்குகள் எல்லாம் அதில் வரும். நோட்டரி அல்லது முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன்னால் கையெழுத்திட வேண்டும்.

ஒரு கட்டத்தைக்கூட காலியாக விடாதீர்கள். கோடு போடாதீர்கள். சொத்து இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுங்கள். பொருந்தாது என்றால் 'பொருந்தாது' என்று எழுதுங்கள். காலியிடத்தைச் சுட்டிக்காட்டிய பிறகும் நிரப்பாத மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விஷால் மனு தள்ளுபடியான அதே நாளில் ஜெ. தீபாவின் மனுவும் போனது, பிரமாணப் பத்திரம் முழுமையாக இல்லை என்ற காரணத்தால்.

முன்பு அரசுக் குடியிருப்பில் இருந்தவர்கள் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி இல்லை என்ற சான்றும் வைக்க வேண்டும். இதை வாங்க நாள் பிடிக்கும், இப்போதே விண்ணப்பியுங்கள். கட்சி சார்பில் நிற்பவர்களுக்கு, இவர்தான் எங்கள் வேட்பாளர் என்பதற்குத் தலைமை தரும் படிவம் ஏ, படிவம் பி இரண்டும் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் அலுவலர் கையில் சேர வேண்டும்.

மனு தாக்கல் நாளில் என்ன நடக்கும்?

அலுவலகத்துக்கு நூறு மீட்டருக்குள் மூன்று வாகனம், அறைக்குள் உங்களையும் சேர்த்து ஐந்து பேர், இவ்வளவுதான் அனுமதி. மனுவை நீங்களோ முன்மொழிந்தவர்களில் ஒருவரோ நேரில் கொடுக்கலாம். கடைசி நாள் மதியம் வரை காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாட்களில் கொடுத்தால், அலுவலர் தரும் சரிபார்ப்புப் பட்டியலைப் பார்த்து விடுபட்டதைச் சேர்க்க நேரம் இருக்கும்.

மனு கொடுத்த பிறகு உறுதிமொழி எடுக்க வேண்டும். இதைச் சடங்கு என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. பரிசீலனை நாளுக்கு முந்தைய நாளுக்குள் எடுத்தாக வேண்டும், பரிசீலனை அன்று காலை போய் எடுத்தால் செல்லாது. மனு கொடுத்த கையோடு அங்கேயே எடுத்துவிடுங்கள், அதற்குச் சான்றும் வாங்குங்கள்.

பரிசீலனையில் மனு தள்ளுபடியானால் கோர்ட்டுக்குப் போகலாமா?

உடனே போய்த் தேர்தலை நிறுத்த முடியாது. இந்த விதி உறுதியானதே நம் ஊர் வழக்கில்தான். முதல் பொதுத்தேர்தலில் நாமக்கல் தொகுதியில் தன் மனு தள்ளுபடியானதை எதிர்த்து என்.பி. பொன்னுசாமி உச்ச நீதிமன்றம் வரை போனார். தேர்தல் நடக்கும்போது நீதிமன்றம் குறுக்கிடாது, முடிவு வந்த பிறகு தேர்தல் வழக்குத்தான் வழி என்று 1952-இல் தீர்ப்பு வந்தது. முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். தவறாகத் தள்ளுபடி செய்தது நிரூபணமானால் அந்தத் தேர்தலே செல்லாமல் போகும். ஆனால் அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

ஆகவே பரிசீலனைக்கு நேரில் போங்கள். உங்களோடு தேர்தல் ஏஜெண்ட், முன்மொழிந்தவர் ஒருவர், இன்னொருவர் வரலாம். அந்த இன்னொருவர் வக்கீலாக இருக்கட்டும். யாராவது ஆட்சேபம் சொன்னால் பதில் தர அவகாசம் கேளுங்கள். சின்னக் குறைக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதைப் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சின்னம் எப்படிக் கிடைக்கும்? என் பெயரிலேயே இன்னொருவர் நின்றால்?

சுயேச்சைகள் ஆணையத்தின் பொதுச் சின்னப் பட்டியலிலிருந்து மூன்று விருப்பங்களை மனுவிலேயே எழுத வேண்டும். வாபஸ் நேரம் முடிந்ததும் ஒதுக்குவார்கள். ஒரே சின்னத்தை இருவர் கேட்டால் குலுக்கல். பதிவுக் கட்சிகள் குறைந்தது ஐந்து சதவீதத் தொகுதிகளில் நின்றால் பொதுவான ஒரு சின்னம் கேட்கலாம், முதலில் விண்ணப்பிப்பவருக்கு முதலில். 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி கரும்பு விவசாயி சின்னத்தை இழந்து மைக் சின்னத்தில் நின்றது இப்படித்தான். கிழவிக்கும் குழந்தைக்கும் ஒரே பார்வையில் தெரிகிற, சுவரில் சுலபமாக வரையக்கூடிய பொருளாகக் கேளுங்கள்.

இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவுக் கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தமிழ் அகரவரிசை. பெயர்க் குழப்பத்துக்காகவே ஆள் நிறுத்துவது நடக்கிறது. இப்போது வேட்பாளர் புகைப்படமும் இருப்பதால் ஓரளவு பாதுகாப்பு. நோட்டீஸில் அதே படத்தைப் போடுங்கள். வரிசை எண் தெரிந்ததும் பெயரைவிட எண்ணையும் சின்னத்தையும் அதிகம் சொல்லுங்கள்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

உச்சவரம்பு 40 லட்சம், 2022 முதல். அது வரம்புதான், இலக்கு அல்ல. அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் நேர்மையாக நிற்கலாம்.

தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு, மனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்னால் தொடங்கியிருக்க வேண்டும். எல்லா வரவும் செலவும் அதன் வழியாக. ஒரே நபருக்கோ கடைக்கோ தேர்தல் முழுவதற்கும் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. டீ, நாற்காலி, பந்தல், ஆட்டோ எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் வைத்திருப்பார். நண்பர் இலவசமாக வேன் கொடுத்தாலும் அந்த விலையில் உங்கள் கணக்கில் ஏறும். பிரசாரத்தின்போது மூன்று முறையாவது பதிவேட்டைக் காட்ட வேண்டும். அன்றன்று இரவு எழுதுகிற ஒருவரை இதற்கென்றே வையுங்கள், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். நோட்டீஸ், போஸ்டர் எதிலும் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் முகவரியோடு இருக்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப் போனால் ஆவணம் வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் படை நிறுத்தினால் காட்ட வேண்டியிருக்கும்.

ஓட்டுக்குப் பணம் கொடுக்காமல் தமிழ்நாட்டில் ஜெயிக்க முடியுமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது, நேராகவே சொல்கிறேன். பண விநியோகம் உண்மை. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் அதனால்தான் நிறுத்தப்பட்டன. சுயேச்சை ஒருவர் முதல் முயற்சியில் ஜெயிப்பது அரிது. 2017 டிசம்பரில் அதே ஆர்.கே. நகரில் பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக ஜெயித்த டி.டி.வி. தினகரன் புதிய ஆள் அல்ல.

ஆனாலும் பணம் கொடுக்காதீர்கள். அது குற்றம், ஜெயித்தாலும் பதவி போகும். அதைவிட முக்கியமாக, கொடுத்து வாங்கிய ஓட்டை வைத்து மக்களிடம் மறுநாள் எந்த முகத்தோடு போய்ப் பேசுவது? பணத்தை வாங்கிக்கொண்டு மனசுக்குப் பிடித்தவருக்குப் போடுகிற வாக்காளர்களும் இந்த மாநிலத்தில் நிறைய இருக்கிறார்கள். உங்கள் இலக்கு அவர்கள்.

அவர்களிடம் சட்டமன்ற உறுப்பினரால் முடிகிறதை மட்டும் சொல்லுங்கள். தெருவிளக்கும் சாக்கடையும் பஞ்சாயத்து, நகராட்சி வேலை. உங்கள் கையில் இருக்கப்போவது சட்டமன்றத்தில் கேள்வி கேட்கும் உரிமை, துறை அமைச்சரிடம் அழுத்தம் தரும் பலம், தொகுதி மேம்பாட்டு நிதி. கண்மாய் தூர்வாருவதா, அரசு மருத்துவமனைக்கு டாக்டரா, பஸ் வசதியா, இரண்டு மூன்றை எடுத்து அதிலேயே நில்லுங்கள். முப்பது வாக்குறுதியை யாரும் நினைவில் வைப்பதில்லை.

பூத் ஏஜெண்ட் கட்டாயமா?

கட்டாயமில்லை. ஆனால் பிரசாரத்துக்கு வைத்திருக்கும் காசில் பாதியைக் குறைத்தாவது இதற்கு ஆள் தேடுங்கள். ஒரு தொகுதியில் ஏறக்குறைய முந்நூறு வாக்குச்சாவடிகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஆள் போட உங்களால் முடியாது. உங்களுக்கு ஆதரவு இருக்கும் ஐம்பது அறுபது பூத்துகளுக்காவது போடுங்கள். ஏஜெண்ட் அதே பூத்தின் வாக்காளராகவோ பக்கத்து பூத்தைச் சேர்ந்தவராகவோ இருப்பது நல்லது. ஊர்க்காரர்களை முகம் பார்த்தே அவருக்குத் தெரியும். நியமனம் படிவம் 10-இல்.

காலையில் மாதிரி வாக்குப்பதிவுக்கு முன்பே போய், இயந்திர எண்களைக் குறித்து, மாதிரி ஓட்டுகள் அழிக்கப்பட்டதைப் பார்க்க வேண்டும். மாலையில் பதிவான வாக்கு விவரம் அடங்கிய படிவம் 17சி நகலை வாங்காமல் எழுந்து வரக் கூடாது. எண்ணிக்கை மேசையில் உங்களுக்கு இருக்கும் ஒரே கைப்பிடி அந்தத் தாள்தான். ஒரு மாதம் முன்பே இவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். மதியச் சாப்பாட்டையும் யார் கொண்டு வருவார் என்று அப்போதே முடிவு செய்யுங்கள்; சாப்பிடப் போன நேரத்தில் பூத் காலியாக இருக்கக் கூடாது.

தோற்பேன் என்று தெரிந்தால் எண்ணிக்கைக்குப் போக வேண்டுமா?

போக வேண்டும். 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. தபால் வாக்குகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-இல் தியாகராய நகரில் 137, மொடக்குறிச்சியில் 281. நீங்கள் வாங்கிய எண்ணூறு ஓட்டும் எந்த ஊரில், எந்த பூத்தில் விழுந்தது என்பது அன்றுதான் தெரியும். அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு அதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது.

முடிவு வந்த பிறகு ஏதாவது வேலை இருக்கிறதா?

இருக்கிறது, இதைத்தான் பலர் மறக்கிறார்கள். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். நூறு ஓட்டு வாங்கியவருக்கும் இது பொருந்தும். ஒப்படைக்காமல் விட்டு, அதற்குத் தக்க காரணமும் காட்டாதவரை ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யலாம். பதிவேடு, ரசீதுகள், வங்கி அறிக்கை, உறுதிமொழிப் பத்திரம் எல்லாவற்றிலும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, ஒப்படைத்ததற்கு ஒப்புகைச் சீட்டும் வாங்குங்கள். டெபாசிட் திரும்ப வர வேண்டியவர்கள் அதற்கும் அப்போதே மனு கொடுத்துவிடலாம்.